சாயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

2019 ஆகஸ்டு மாதம் ஒரு பழைய லேண்ட் ரோவர் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. சாலை வழியாக ஓட்டிக்கொண்டே போனார்கள். அந்த வண்டிக்கு ‘ஆக்ஸ்ஃபர்டு’ என்று பெயர். 1955இல் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். அந்த இரண்டில் ஒன்றுதான் இது. பிறகு அது தென் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய், அங்கேயே பல ஆண்டுகள் கிடந்து உருக்குலைந்தது. அதை மீட்டெடுத்து, புதுப்பித்து, திரும்பவும் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து லண்டனுக்கு ஓட்டினார்கள். டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதுவும் ‘புதுப்பித்த வண்டி’தான். பட்டறை வாசலில் பச்சைச் சாயம் பளபளக்க நிற்பதும் ‘புதுப்பித்த வண்டி’தான். ஒன்று கண்டங்களைக் கடக்கிறது. மற்றொன்று கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவதற்குள் பிரேக் பிடிக்காமல் போகலாம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறார்கள்.

கேமரன் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு செம்மண் சரிவுகளில் ஏறி இறங்கும் அந்த வண்டிகளைப் பார்த்தால் பெரியவர்களுக்கே ஆசை வரும். உங்கள் மாமாவுக்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போறேன், நீயும் வா” என்கிறார். சும்மா போகாதீர்கள். ஒரு காந்தம், ஒரு கைவிளக்கு, ஒரு குறிப்பேடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிவியல் பாடநூல் மாமாவின் பணத்தைக் காப்பாற்றும் நாள் இதுவாக இருக்கலாம். உயிரைக் காப்பாற்றும் நாளாகவும் இருக்கலாம்.

காந்தம் ஒட்டாத வண்டி

முதலில் லேண்ட் ரோவரின் பிறப்பைப் பற்றி இரண்டு வரி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆனால் விமானத் தொழிற்சாலைகளின் தயவால் அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால் ரோவர் நிறுவனத்தார் வண்டியின் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். எடை தாங்கும் அடிச்சட்டத்தை, அதாவது சேஸியை, எஃகில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி வெளியானது. தற்காலிகமாகச் செய்த அந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளுக்கு நீடித்தது. நீங்கள் பார்க்கப்போகும் வண்டியில் உள்ள நன்மை தீமை இரண்டுமே அந்தத் தட்டுப்பாட்டிலிருந்து வந்தவை.

இப்போது காந்தத்தை எடுங்கள். சாயத்தில் கீறல் விழாமல் மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். மட்கார்டு, கதவின் வெளித்தகடு, பின்பக்கப் பக்கவாட்டுத் தகடு ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். ஒட்டக்கூடாது. அலுமினியத்தைக் காந்தம் ஈர்ப்பதில்லை. மட்கார்டில் காந்தம் ‘டக்’ என்று ஒட்டினால், யாரோ அசல் தகட்டைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விற்பவர் ‘எல்லாம் அசல்’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சை இனி பாதிதான் நம்ப வேண்டும்.

அடுத்து, இயந்திரத்துக்கும் ஓட்டுநர் இருக்கைக்கும் நடுவே நிற்கும் சுவர். கதவின் கீல்கள் அதில்தான் மாட்டியிருக்கும். கால் வைக்கும் பள்ளமும் அதன் பகுதிதான். அது எஃகு. அங்கே காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும். ஓர் இடத்தில் இழுத்துப் பிடிக்கிறது, நான்கு விரல் தள்ளி வைத்தால் நழுவி விழுகிறது என்றால், அங்கே இரும்பு இல்லை. துரு அரித்த ஓட்டையைப் பட்டிப் பசையால் அடைத்து, தேய்த்து, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். காந்த விசை தொலைவு கூடக்கூட வேகமாகக் குறையும் என்பதால், இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி இருந்தாலே கைக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.

(டொயோட்டா லேண்ட் குரூசரின் பழைய எஃப்ஜே40, போர்க்கால வில்லிஸ் ஜீப் போன்றவற்றுக்கு உடல் முழுக்க எஃகு. அங்கே எல்லா இடத்திலும் காந்தம் ஒட்டியாக வேண்டும்.)

அப்படியானால் அலுமினியத் தகட்டில் பூசிய பட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் அங்கே உதவாது. விரல் முட்டியால் தட்டுங்கள். மெல்லிய தகடு அதிர்ந்து ஒலிக்கும். பட்டி அப்பிய இடம் மந்தமாக ‘தொப்’ என்று ஒலிக்கும். பட்டறைக்காரர்கள் சிலரிடம் சாயத்தின் தடிமனை அளக்கும் சிறு கருவி இருக்கும். அலுமினியத்தில் அது சுழல் மின்னோட்டத்தைக் கொண்டு வேலை செய்கிறது. மாறும் காந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். உலோகம் தள்ளி இருந்தால் அந்த மின்னோட்டம் பலவீனமாக இருக்கும். அதை வைத்தே நடுவில் எவ்வளவு தடிமன் என்று கருவி சொல்லிவிடுகிறது. இதை வீட்டிலேயே உணரலாம். தடித்த அலுமினியத் தட்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, வலுவான சிறு காந்தத்தை அதன்மேல் சறுக்க விடுங்கள். பிறகு அதே சாய்வில் ஒரு மரப்பலகையில் சறுக்க விடுங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, ஆனாலும் தயங்கித் தயங்கித்தான் இறங்கும்.

வெள்ளைத் தூள்

எஃகும் அலுமினியமும் ஒரே வண்டியில் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவே மழைநீர் புகுந்தால் என்ன ஆகும்? வேதியியல் பாடத்தில் மின்வேதி வரிசை படித்திருப்பீர்கள். அதில் அலுமினியம் இரும்புக்கு மேலே நிற்கிறது. எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்க அது முந்திக்கொள்ளும். ஈரம் மின்பகுளியாகிறது. இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலம் ஆகிவிடுகின்றன. அந்த மின்கலத்துக்குத் தீனி அலுமினியம்தான். உப்புக் காற்று பட்ட வண்டியில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே, வண்டி இதற்கு முன்பு எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். போர்ட்டிக்சனிலோ குவாந்தானிலோ கடற்கரை ஓரமாக நின்ற வண்டிக்கும் மலையில் ஓடிய வண்டிக்கும் நோய் ஒன்றல்ல.

அரிக்கப்பட்ட அலுமினியம் வெள்ளைத் தூளாக மாறும். அந்தத் தூள் அதிக இடம் பிடிப்பதால் மேலே உள்ள சாயத்தைக் கொப்புளம் போலத் தூக்கும். கதவின் அடி விளிம்புதான் பார்க்க வேண்டிய முதல் இடம். அங்கே எஃகுச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை மடித்திருப்பார்கள். அடுத்தது ஆணிகளும் திருகுகளும் உள்ள இடங்கள். சாயம் புதிதாக அடித்திருந்தால் வெளியே கொப்புளம் தெரியாது. அதனால் கதவைத் திறந்து, கைவிளக்கோடு குனிந்து, யாரும் சாயம் அடிக்க மெனக்கெடாத உள் விளிம்புகளைப் பாருங்கள்.

அடியில் படுத்துப் பார்க்கும் வேலை

விலையில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது சேஸி. இதற்கு வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வெறும் ஜாக்கியில் தூக்கி வைத்த வண்டியின் அடியில் தலையை நீட்டாதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். லேண்ட் ரோவர் தரையிலிருந்து உயரமானது. சமதரையில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிறுத்தினால், பக்கவாட்டில் படுத்துக்கொண்டே பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம்.

அந்தக் காலத்து சேஸியை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? எஃகுத் தகட்டை நீள நீளமாக வெட்டி, நான்கை ஒட்டவைத்துப் பற்றவைத்து, நீண்ட பெட்டிக்குழாய் ஆக்கினார்கள். பெட்டிக்குழாய் எடைக்கு வளையாது. ஆனால் உள்ளே சேறு புகுந்தால் வெளியேறாது. நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபட்டுவிடும். ஈர மண் உள்ளேயே கிடந்து, குழாயை உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பார்த்தால் கருஞ்சாயம் பளபளக்கும். உள்ளே தகடு அப்பளம் போல மெலிந்திருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத நோய் இது.

காதால் கண்டுபிடிக்கலாம். விற்பவரிடம் அனுமதி கேட்டு, சிறிய சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான எஃகு ‘டிங்’ என்று துல்லியமாக ஒலிக்கும். மெலிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். சில வேளை உள்ளே துருச் செதில்கள் உதிரும் சரசரப்பும் கேட்கும். பின்முனையில் குறுக்காக ஓடும் சட்டம், வில்தகடுகள் மாட்டியிருக்கும் இடங்கள், உடலைத் தாங்குவதற்காக சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், இந்த மூன்றிலும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். துரு முதலில் தின்பது அங்கேதான். ஒட்டுத் தகட்டின் மேல் இன்னோர் ஒட்டுத் தகடு பற்றவைத்திருந்தால், அடியில் இருப்பதை வெட்டி எடுக்காமல் மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தார் போன்ற கறுப்புப் பூச்சு நேற்றுத்தான் பூசியது போலத் தடிமனாக இருந்தாலும் சந்தேகம் கொள்ளுங்கள். நல்ல சேஸியை மறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் என் நண்பரோடு இப்படி ஒரு ஜீப் பார்க்கப் போயிருந்தேன். வெளியே கண்ணாடி போல முகம் தெரிந்தது. நண்பர் அன்றே முன்பணம் 500 ரிங்கிட் கொடுத்துவிட்டார். இரண்டாவது முறை போனபோது தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒரு தகரத் துண்டு. தகரத் துண்டுக்கு அடியில் பட்டறைத் தரை தெரிந்தது. முன்பணம் திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் விரிப்பைத்தான் தூக்குகிறேன்.

சில வண்டிகளில் சேஸி சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும். அது துத்தநாகம் பூசிய புதிய சேஸி. துத்தநாகமும் மின்வேதி வரிசையில் இரும்புக்கு மேலே இருப்பதால், அது முதலில் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். உண்மையாகச் செலவு செய்து புதுப்பித்தவர் என்பதற்கு நல்ல சாட்சி இது. ஆனால் இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. வண்டியின் அடையாளமே சேஸியில் பொறித்த எண்தான். சேஸியை மாற்றியிருந்தால், அந்த எண் என்ன ஆனது? சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில், அதாவது கிரானில், உள்ள எண்ணும் சேஸியில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் பெரும்பாலும் முன்பக்கம் வலது வில்தகடு மாட்டிய இடத்துக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும். எண்களைச் சுற்றி உலோகம் தேய்த்தது போலவோ, பற்றவைத்தது போலவோ இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் நடக்கும் பி5 ஆய்வில் இந்த எண்களைத்தான் சரிபார்ப்பார்கள். அங்கே மாட்டிக்கொண்டு முழிக்கப்போவது விற்றவர் அல்ல, வாங்கியவர்.

21 மில்லியன் ஜூல்

இனி பிரேக். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா அடிவாரத்தில். இறக்கம் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,500 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டு நிலை ஆற்றலைக் கணக்கிடுங்கள்: 1,500 × 10 × 1,400. விடை 21,000,000 ஜூல். மலையிலிருந்து இறங்கி முடிப்பதற்குள் இவ்வளவு ஆற்றலும் எங்காவது போயாக வேண்டும். கொஞ்சம் காற்றின் தடைக்கும், கொஞ்சம் சக்கர உராய்வுக்கும் போகும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரம் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்கில் வெப்பமாகும். மொத்தமும் வெப்பமானால் அதைக் கொண்டு 30 பாகை செல்சியசில் உள்ள 71 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்த வெப்பத்தைத் தாங்கும் நிலையில் பிரேக் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மிதியில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தை ஒரு திரவம் நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது, பாஸ்கல் கோட்பாடு. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால்தான் இது வேலை செய்கிறது. ஆனால் இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, அந்த ஈரம் ஆவியானால் குழாய்க்குள் குமிழிகள் உண்டாகும். குமிழி என்பது வாயு. வாயுவை அழுத்தினால் சுருங்கும். மிதியை அழுத்துவீர்கள், அது தரைவரை போகும், வண்டி நிற்காது. நம் ஊர் ஈரப்பதத்தில், வருடக்கணக்கில் ஓடாமல் பட்டறையில் நின்று ‘புதுப்பித்த’ வண்டியில் பழைய திரவம் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே திரவத்தை எப்போது மாற்றினார்கள் என்று நேராகக் கேளுங்கள். மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதுத் திரவம் தெளிவாக இருக்கும். பழையது தேநீர் நிறத்துக்குப் போயிருக்கும். பிறகு மாமாவை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து மிதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முப்பது வினாடி. மிதி மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு. பஞ்சு போல மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று. இரண்டாவது மூன்றாவது மிதியில்தான் பிடிக்கிறது என்றால் பிரேக் கட்டைகளைச் சரிசெய்ய வேண்டும், அல்லது அதைவிட மோசமாக ஏதோ இருக்கிறது.

பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு திரவச் சுற்றுதான். இன்றைய கார்களில் ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும். அவற்றில் அப்படி இல்லை. ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போச்சு. கைப்பிரேக் இருக்கிறதே என்று நினைக்கலாம். அந்த வண்டிகளில் கைப்பிரேக் சக்கரங்களில் இல்லை. பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் தொடக்கத்தில் இருக்கிறது. நிறுத்தி வைத்த வண்டியைப் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே அதை அமைத்திருக்கிறார்கள். சரிவில் நிறுத்தி, கைப்பிரேக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட உருளக்கூடாது. மாமா காலைப் பிரேக் மிதிக்கு மேலேயே வைத்திருக்கட்டும்.

சக்கரத்தைக் கழற்றிக் காட்டினால், உள்ளே இருக்கும் தூசியை ஊதிவிடாதீர்கள். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கும். அந்த இழைகள் நுரையீரலுக்குள் போனால் கேடு.

இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும்

முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: “நாங்கள் வரும்வரை இயந்திரத்தை முடுக்க வேண்டாம்.” போனவுடன் இயந்திரத்தின் மூடிமேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் இயந்திரத்தை யாரோ முன்கூட்டியே சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

புகையின் நிறம் பேசும். நீலப் புகை என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது, உள்ளே தேய்மானம். கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான். வெள்ளைப் புகையில்தான் பலர் ஏமாறுவார்கள். மலையில் குளிர்ந்த காலையில் எந்த வண்டியிலும் சற்று நேரம் வெள்ளையாக வரும். அது வெறும் நீராவி. இயந்திரம் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வந்தால், குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் நுழைகிறது. எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த காப்பி போல இருந்தால் அதே நோய்தான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பாயும்.

மின்கம்பிகளைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். காப்புறை வெடித்த கம்பிகளையும், நாடா சுற்றிய ஒட்டுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய லேண்ட் ரோவர்களில் மின்கலத்தின் நேர்முனையை உடலோடு இணைத்திருப்பார்கள். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். அது தெரியாமல் இன்னொரு காரிலிருந்து கம்பி போட்டு முடுக்கினால் தீப்பொறி பறக்கும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரத்தில் செய்தது. பள்ளங்கள் ஆழமாக இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வயதாகி இறுகி வெடிக்கும்.

புல்வெளிக்குப் போங்கள்

நான்கு சக்கர இயக்கத்தைத் தார்ச்சாலையில் சோதிக்கக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன. இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வேறுபாட்டைச் சமாளிக்கும் பல்லிணைப்பு கிடையாது. மண்ணிலோ புல்லிலோ ஏதாவது ஒரு சக்கரம் சற்று வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தாரில் வழுக்காது; தண்டுகள் முறுக்கேறி, கடைசியில் ஏதோ ஒன்று உடையும். விற்பவரே தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் போட்டு ஓட்டிக் காட்டினால், அவர் இதுவரை இந்த வண்டியை எப்படி நடத்தியிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

புல்வெளியில், மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இயங்க வேண்டும். வண்டியை முழுவதும் நிறுத்திவிட்டு, சிவப்புக் குமிழ் உள்ள கோலைப் பின்னால் இழுத்தால் தாழ்நிலைக் கியர். இரண்டும் முரண்டு பிடிக்காமல் விழ வேண்டும். ஓடும்போது எந்தக் கியராவது தானாகத் துள்ளி வெளியே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரம், 1971க்கு முந்தைய வண்டிகளில் முதல் இரண்டு கியர்களைப் போடும்போது ‘கர்ர்’ என்று சத்தம் வந்தால் உடனே குறை சொல்லாதீர்கள். அவற்றில் அந்தக் கியர்களுக்கு வேகத்தை ஒத்திசைக்கும் அமைப்பே கிடையாது. பழகிய கால் இரண்டு முறை கிளட்ச் மிதித்துச் சத்தமில்லாமல் போடும்.

முன்சக்கரங்களுக்கு உள்பக்கம் பளபளக்கும் உலோக உருண்டை ஒன்று தெரியும். சக்கரம் திரும்புவது அதன்மேல்தான். அதில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள் இருந்தால், அவை எண்ணெய் அடைப்பானைக் கிழித்துக்கொண்டே இருக்கும்.

எதைப் பற்றிக் கேட்டாலும் ‘எல்லாம் செய்தாச்சு’ என்கிறாரா? படம் கேளுங்கள். உண்மையாகவே ஒரு வண்டியை அக்கு அக்காகக் கழற்றிப் பூட்டியவர், சேஸி மட்டும் தனியாக நின்ற நாளில் படம் எடுக்காமல் இருந்திருக்கமாட்டார். கேட்டால் பெருமையாகக் காட்டுவார், நிறுத்துவதுதான் கடினம். அப்படிப்பட்டவரிடம் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் மாமாவை யோசிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு படம்கூட இல்லாமல், நேற்று அடித்த சாயத்தை மட்டும் காட்டுபவரிடம் பேரம் பேசும் அளவுக்குக்கூட நான் நிற்கமாட்டேன்.

ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் உடனே கிளம்பாதீர்கள். வண்டியின் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். லேண்ட் ரோவர்காரர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தமாம். ஆகவே நடுவில் ஒன்றிரண்டு பழுப்புச் சொட்டுகள் இருந்தால் பதற வேண்டாம். எண்ணிக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏதாவது ஒரு சக்கரத்தின் உள்பக்கமாகத் தெளிந்த, விரலில் வழவழக்கும் சொட்டு விழுந்திருந்தால், அது பிரேக் திரவம். மாமா பணம் கொடுத்துவிட்டாலும் சரி, அந்த வண்டியை மலையிலிருந்து ஓட்டி இறக்க விடாதீர்கள். இழுவை லோரியைக் கூப்பிடச் சொல்லுங்கள்.